கொழும்பின் சாப்பாட்டை எடைபோடுவது எப்படி

காலி வீதியில் கொள்ளுப்பிட்டியில் இறங்கி வெள்ளவத்தை வரை நடந்தால் சாப்பாட்டுக் கடைகளின் பெயர்ப்பலகைகளை எண்ணி முடிக்க முடியாது. அதை வைத்துக்கொண்டு "கொழும்பில் இல்லாத சாப்பாடு இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். பலகைகளுக்குப் பின்னால் எத்தனை விதமான சமையல் நடக்கிறது என்று பார்க்கப் போனால் கணக்கு வேறாக வரும். சீன உணவு, இந்திய உணவு, மலே உணவு என்று மூன்று பெயர் போட்ட கடையில் பெரும்பாலும் ஒரே அடுப்பு, ஒரே வாணலி, ஒரே சமையற்காரர். ஆகவே முதலில் எண்ண வேண்டியது அடுப்புகளை.

அதற்கு ஒரு சோதனை உண்டு. நூறுக்கு மேற்பட்ட பெயர்களோடு மெனு இருக்கும் கடையில் மூன்று சாப்பாட்டைச் சேர்த்து எடுங்கள்: ஒரு டெவல் (உறைப்பும் இனிப்புமான வாணலிப் பிரட்டல்), ஒரு சொப்சி (சீனப் பாணி மரக்கறிக் குழம்பு), ஒரு நாசி கொரெங் (மலேப் பொரித்த சோறு). டெவலில் தக்காளி சோஸ் இனிப்பும் காய்ந்த மிளகாய் உறைப்பும் வெங்காயத்தின் கருகலும் இருக்க வேண்டும். சொப்சியின் குழம்பு வெளிறி, மரக்கறி மொறுமொறுப்புக் குறையாமல் இருக்க வேண்டும். நாசி கொரெங்கில் இறால் விழுதின் வாசம் எழ வேண்டும். மூன்றையும் கரண்டியால் தனித்தனியே தொட்டு நக்கிப் பாருங்கள். சோளமா கரைத்துத் தடிப்பாக்கிய ஒரே குழம்பு நிறம் மாறி வந்திருந்தால், கடை கடையாகப் பார்த்ததை எழுதி வைக்கும் உங்கள் தாளில் அந்தக் கடையை ஒரு சமையலாக மட்டும் எழுதுங்கள். இப்படிக் கழித்துக்கொண்டு போனால் நூறு கடை இருக்கும் வீதியில் பதினைந்து இருபது சமையல்தான் மிஞ்சும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, எந்த நகரத்திலும் இதுதான் நிலைமை.

மெனு நீளமாக இருப்பதே ஒரு குறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்புச் சீனச் சமையலுக்கென்று சொந்தப் பிள்ளைகள் உண்டு. ஹொட் பட்டர் கணவாய் இங்கே பிறந்தது. மா பூசிப் பொரித்த கணவாய், வெங்காயத்தாள், காய்ந்த மிளகாய், பட்டர். மேல்மா மொறுமொறுவென்று இருக்க, கணவாய் ரப்பர் ஆகாமல் கடிபட்டால் அந்த வாணலிக்காரருக்குத் தொழில் தெரியும். தட்டில் எண்ணெய் தேங்கி மா நனைந்து வந்தால் எண்ணெய் போதிய சூடாக இருக்கவில்லை, அல்லது ஒரே தடவையில் அளவுக்கு மேல் போட்டுப் பொரித்திருக்கிறார்கள்.

எங்கே, எந்த நேரம்

கொழும்பு மாநகரம் 15 தபால் வலயங்களாகப் பிரிந்திருப்பது வசதி. எல்லாவற்றையும் சுற்றத் தேவையில்லை, ஆனால் ஒரே பக்கமாகச் சாயவும் கூடாது. ஆறு இடம் எடுத்தால் நகரத்தின் முகம் தெரியும்: கோட்டை (1), கொம்பனித்தெரு (2), கொள்ளுப்பிட்டியும் பம்பலப்பிட்டியும் சேர்த்து (3, 4), வெள்ளவத்தை (6), மருதானை அல்லது புதுக்கடை (10, 12), கொட்டாஞ்சேனை (13). கறுவாத்தோட்டத்துக்கும் (7) போவதென்றால் அதை இறுதியாக வையுங்கள். அங்கே குளிரூட்டிய கடைகளில் தொடங்கினால் மற்ற இடங்களை அந்தக் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

ஒவ்வொரு இடத்திலும் நான்கு கடை: வேலையாட்கள் நின்றுகொண்டு சாப்பிடும் கடை ஒன்று, குடும்பத்தோடு போகும் நடுத்தரக் கடை இரண்டு, விலை கூடியது ஒன்று. நடுத்தரத்துக்கு இரட்டிப்பு இடம் கொடுப்பது வேண்டுமென்றே. பணம் செலவழித்தால் நல்ல சாப்பாடு எந்த நகரத்திலும் கிடைக்கும், மிக மலிவான கடையோ ஒரு சாமானை மட்டும் செய்து அதில் கைதேர்ந்து நிற்கும். சம்பளக்காரர் கிழமையில் இரண்டு நாள் போகும் நடுத்தரக் கடைதான் ஒரு நகரத்தின் உண்மையான தரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நேரம் தவறினால் நல்ல கடையும் கெட்ட கடையாகத் தெரியும். இடியப்பம், பிட்டு, தோசை, பால்சோறு காலை 7 முதல் 9 வரை. சோறும் கறியும் பகல் 12க்கும் 1க்கும் இடையில். 2 மணிக்குப் பிறகு போனால் பருப்பு கட்டிப்பட்டு, வறை வாடி, மீன் குழம்பில் ஊறிப்போய் இருக்கும். 3 முதல் 6 வரை பல கடைகளில் சமையல் நிற்கும், தேத்தண்ணியும் ரோல்ஸ், கட்லட் போன்ற சோட் ஈட்ஸும்தான். அப்பமும் கொத்தும் மாலை 6க்குப் பிறகு. பகலில் கொத்துக் கேட்டால் சில இடங்களில் போட்டுத் தருவார்கள், ஆனால் கொத்துப் போடும் இரும்புத் தட்டு சூடேறியிருக்காது, ரொட்டி நேற்றையதாகவும் இருக்கலாம்.

நாளும் முக்கியம். கோட்டை அலுவலகக் கூட்டத்தை நம்பி வாழ்வது, அதை வார நாளில் பாருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரம் முஸ்லிம் கடைகள் பல மூடியிருக்கும். அதே வெள்ளியில் சைவக் கடைகளில் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் கறி புதிதாக இறங்கும். பௌர்ணமிப் போயா நாட்களில் மதுபானம் விற்க முடியாது என்பதால் மதுவை நம்பிய உணவகங்கள் வெறிச்சோடும், அன்று அவற்றுக்குப் புள்ளி போடாதீர்கள். ரமழானில் புதுக்கடை, மருதானைப் பக்கம் மாலையில் போவது தனி அனுபவம், ஆனால் அது ஆண்டு முழுக்க உள்ள நிலைமை இல்லை. கடலுணவுக்கு இன்னொரு கணக்கு: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், மீன் வரத்துக் குறையும், விலை ஏறும். அந்த மாதங்களில் உறைய வைத்த மீன் தட்டுக்கு வருவது அதிகம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பார்ப்பது நியாயம்.

எதைச் சாப்பிட்டுப் பார்ப்பது

எல்லாக் கடையிலும் பொதுவாக ஒன்றை எடுங்கள், ஒப்பிட வசதியாக இருக்கும். சோற்றுக் கடைகளுக்கு அது பருப்புக்கறி. விலை குறைந்த கறி, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று சமையற்காரர் நினைக்கும் கறி. பருப்பு மசிந்து ஆனால் கூழாகாமல், இறக்கும் முன் தேங்காயின் முதற்பால் விட்டு, தாளிதத்தில் வெங்காயமும் கறிவேப்பிலையும் பொன்னிறமாகி இருக்க வேண்டும். தேங்காய்ப் பால்மாவில் செய்த கறி கண்ணுக்கு அழகாக, மினுமினுப்பாக, திரையாமல் இருக்கும். வாயின் மேலண்ணத்தில் ஒரு படலம் ஒட்டும். தேங்காய் விலை ஏறும் காலங்களில் இந்த மாற்றம் முதலில் பருப்பிலும் சொதியிலும்தான் வரும். சம்பலும் அப்படியே: புதிதாகத் திருவிய தேங்காய் ஈரமாக, இடித்த மிளகாயோடு ஒட்டி நிற்கும். காலையில் திருவி வைத்தது மத்தியானத்தில் உலர்ந்து உதிரும், மெல்லிய புளிப்பு மணம் வரும்.

மீன்கறிக்கு ஒரு எச்சரிக்கை. அறக்குளா என்று விலை போட்டுச் சூரை கொடுப்பது நடக்கும். அறக்குளாவின் சதை வெள்ளை, நுண்மையான இழை, மென்மையாக உடையும். சூரை சமைத்தபின் பழுப்பு நிறம், தடித்த இழை, கொஞ்சம் காய்ந்தாற்போல் இருக்கும். சூரை மோசமான மீன் அல்ல, பொய்தான் மோசம். "தம்பி, இண்டைக்கு என்ன மீன்?" என்று ஓடர் கொடுக்கும் முன் கேளுங்கள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லும் கடைக்கு ஒரு புள்ளி கூடப் போடலாம்.

யாழ்ப்பாணச் சமையல் என்று பலகை போட்ட கடைகள் வெள்ளவத்தையில் நெருக்கமாக உண்டு. அங்கே நண்டுக்கறியும், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழும்தான் பரீட்சை. நண்டுக்கறியில் வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூளின் கருஞ்சிவப்பும், கடைசியில் போட்ட முருங்கையிலையும், பாலின் தடிப்பும் வேண்டும். சதை ஓட்டோடு ஒட்டி, நீர்ப்பிடிப்பாகச் சிதறினால் அது உறைய வைத்த நண்டு. உயிர் நண்டின் சதை ஓட்டிலிருந்து முழுதாகக் கழன்று வரும். கூழைப் பொறுத்தவரை, ஒடியல் மாவை ஊறவைத்து நீரை வடித்தால்தான் கைப்புக் குறையும், ஆனால் ஒரு நுனிக் கைப்பு மிஞ்சியே தீரும். அதுவே இல்லையென்றால் அரிசி மாவோ வேறு மாவோ கலந்து தடிப்பாக்கியிருக்கிறார்கள். மீன், நண்டு, இறால், கணவாய், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, பழப்புளி எல்லாம் ஒரு சட்டியில் போவதால் சிறிய அளவில் செய்ய முடியாது. தினமும் மெனுவில் கூழ் வைத்திருக்கும் கடையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள், சனி ஞாயிறு மட்டும் என்று எழுதிய கடையை நம்புங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இத்தனை பலகை இருக்க, மட்டக்களப்புச் சமையலையும் மலையகச் சமையலையும் அந்தப் பெயரிலேயே விற்கும் கடையைத் தேடிப் பாருங்கள். எவ்வளவு நேரம் தேட வேண்டியிருக்கிறது என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நகரத்தில் யார் யார் வாழ்கிறார்களோ அவர்கள் வீட்டில் சமைப்பது கடையில் கிடைக்கிறதா என்பது, இத்தாலியச் சாப்பாடு கிடைக்கிறதா என்பதைவிடப் பெரிய கேள்வி.

சைவக் கடையில் தோசையைவிட உளுந்து வடையைப் பாருங்கள். விரலால் அமுக்கினால் எண்ணெய் கசியக் கூடாது, உள்ளே சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் தெரிய வேண்டும். பலமுறை பாவித்த எண்ணெய் என்றால் வடையின் மேல்தோல் கறுத்து, தொண்டையில் ஒரு கரகரப்பு நிற்கும். பம்பலப்பிட்டி சரஸ்வதி லொட்ஜ் போன்ற பழைய கடைகளில் கூட்டம் ஓயாததால் வடை சட்டியிலிருந்து நேரே வரும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு வேறு கடைகளில் பொறி ஒன்று உண்டு: மாசி. பருப்பிலும் தேங்காய்ச் சம்பலிலும் வறையிலும் மாசிக் கருவாடு போடுவது தெற்கில் சாதாரணம். மரக்கறிச் சோறு என்று கேட்டால் போதாது, "மாசி போட்டிருக்கா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். சீனக் கடை மரக்கறி நூடில்ஸில் சிப்பிச் சோஸ் இருக்கலாம், அதையும் கேளுங்கள். கேள்வி புரிந்து உடனே பதில் வரும் கடைகள் எத்தனை என்று எண்ணினால், சைவக்காரருக்கு இந்த நகரம் எவ்வளவு விரிந்தது என்று தெரிந்துவிடும்.

அப்பத்தில் ஓரம் மெல்லியதாக மொறுமொறுவென்றும் நடு பஞ்சாகவும் இருக்க வேண்டும். மா புளித்த மணம் வர வேண்டும். சோடா கூடினால் நிறம் மஞ்சளாகி வாயில் சவர்க்காரச் சுவை தட்டும். அப்பத்தைப் பார்சலில் எடுத்து மதிப்பிடுவது அநியாயம், பத்து நிமிடத்தில் ஓரம் செத்துவிடும். கட்டைச்சம்பலில் எலுமிச்சை புதிதாகப் பிழிந்ததா என்று மட்டும் பாருங்கள்.

கொத்து ரொட்டிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ரொட்டித் துண்டு ஒன்றோடொன்று ஒட்டாமல் மெதுவாக, முட்டை கட்டியாகாமல், தட்டின் அடியில் எண்ணெய்க் குளம் இல்லாமல் இருந்தால் சரி. கொள்ளுப்பிட்டிப் பிலவூஸ் வகைக் கடைகளில் இரவு பிந்தியும் கூட்டம் இருப்பதால் ரொட்டி தேங்காது. சீஸ் கொத்தை வைத்து எதையும் மதிப்பிடாதீர்கள், சீஸ் எல்லாப் பிழையையும் மூடிவிடும்.

புரியாணியில் சோறு ஒரே மஞ்சளாக இருந்தால் நிறம் கலக்கிய சோறு. தம் போட்டதில் வெள்ளைமணியும் செம்மஞ்சள்மணியும் கலந்து கிடக்கும், இறைச்சிச் சாறு ஏறிய மணி தனியாகத் தெரியும். கூட வரும் மலே அச்சாறும் புதினாச் சம்பலும் கடையின் அக்கறையைச் சொல்லும். ஆறு பேர் கூடினால், சுற்றியிருந்து சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹன் எடுத்துப் பாருங்கள். கல்யாண வீட்டுத் தரம் கடைக்கு வருகிறதா என்று அதில்தான் தெரியும். மலேச் சமையலுக்குக் கொம்பனித்தெரு. நாசி கொரெங் எங்கும் கிடைக்கும் என்பதால், பிட்டோடு பபத் எனும் குடற்கறி கிடைக்கிறதா என்று தேடுங்கள். குடலைச் சுத்தம் செய்ய நேரமும் பொறுமையும் வேண்டும், அதைச் செய்யும் கடை மற்றதையும் ஒழுங்காகச் செய்யும்.

லம்ப்ரைஸ், ஐரோப்பிய வழிவந்த இலங்கைப் பறங்கியரின் சாப்பாடு. இறைச்சிச் சாற்றில் வெந்த சோறு, கலப்பு இறைச்சிக்கறி, பிரிக்கடெல் எனும் பொரித்த இறைச்சி உருண்டை, கத்தரிக்காய், வாழைக்காய், இறாலில் செய்த பிளாச்சான். எல்லாம் வாழையிலையில் கட்டி வெதுப்பியில் வைத்து எடுத்தது. இலையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும்: பச்சையாக இருந்தால் கட்டி வைத்ததோடு சரி, வேகவில்லை. பழுப்பேறி, பிரித்ததும் மணம் மூக்கில் ஏற வேண்டும். முழு முட்டையும் கோழிக்காலும் பின்னாளில் சேர்ந்தவை. 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கத்தின் உணவகத்தில் விற்கும் லம்ப்ரைஸை முதலில் சாப்பிட்டுவிட்டு மற்றவற்றை ஒப்பிடுங்கள்.

காலிமுகத்திடலில் இறால் வடை வாங்குவதென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் குவித்து வைத்ததை விடுங்கள். கண்முன்னே பொரிப்பதை வாங்குங்கள்.

பெரிய பெயர்கள்

விலை கூடிய கடைகளுக்குக் குறைந்த நேரம் ஒதுக்கினால் போதும், அவற்றைப் பற்றி உலகம் ஏற்கெனவே எழுதிவிட்டது. கோட்டைப் பழைய டச்சு வைத்தியசாலையில் 2011இல் திறந்த மினிஸ்ட்ரி ஒப் கிராப், களப்பு நண்டை எடைப்படி, அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை விற்கிறது. கொழும்புக்கு வெளியூர்க்காரர் வர இது ஒரு காரணம், ஆனால் நகரத்தின் சாப்பாட்டுத் தரத்துக்கு இது ஒரு புள்ளிதான். இப்படிப்பட்ட இடத்தில் கேட்க வேண்டியது: சாமான் எங்கிருந்து வருகிறது, நல்ல நண்டு இன்று இல்லையென்றால் இல்லை என்று சொல்வார்களா?

நட்சத்திர ஹோட்டல் புபேக்களை ஒப்பிடாமலே விடலாம். அறுபது தட்டு வைத்தால் சில நன்றாக இருக்கும், சில ஆறியிருக்கும், இரண்டும் எதையும் சொல்லாது.

மதிப்புரைகளும் செயலிகளும்

கூகுள் வரைபடத்தில் ஐந்து நட்சத்திரத்தைப் பார்ப்பதை விடுங்கள். புதியவை முதலில் என்று அடுக்கி, இரண்டு மூன்று நட்சத்திரக்காரர் சொல்வதை வாசியுங்கள். சுற்றுலாப் பயணி சேவையையும் ஏசியையும் கடற்காட்சியையும் எழுதுவார். ஊர்க்காரர் அளவையும் விலையையும் "முந்தி மாதிரி இல்லை" என்பதையும் எழுதுவார். தமிழிலும் சிங்களத்திலும் எழுதியவற்றைத் தனியாக வாசித்தால் வேறு ஒரு கடை தெரியும். கடைக்காரர் போட்ட படத்தை விட்டுவிட்டு வாடிக்கையாளர் படங்களில் அண்மையில் எடுத்தவற்றைப் பாருங்கள். ஒரே கிழமையில் ஒரு வரிப் புகழ்ச்சிகள் கூட்டமாக விழுந்திருந்தால் அவற்றைக் கழித்துவிடுங்கள்.

2022க்கு முந்தியவற்றை விலைக்காக வாசிப்பதில் பயனில்லை. அந்த ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டில் அடுப்பு எரியாமல் கடைகள் மூடின, விலை தலைகீழாக மாறியது, கைதேர்ந்த சமையற்காரர் பலர் வெளிநாடு போனார்கள். பெயர் அதே, கை வேறு.

ஊபர் ஈட்ஸிலும் பிக்மீ பூட்டிலும் வகை எண்ணுவது இன்னும் ஏமாற்றும். ஒரே சமையலறை நான்கு பெயரில், நான்கு படத்தோடு விற்கலாம். கடைகளின் முகவரியை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வந்தால் ஒன்றாக எண்ணுங்கள். செயலி விலையும் கடை விலையும் வேறுபடும் என்பதால் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

சுத்தம்

மாநகர சபை அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்பது. சுவரில் மாட்டியிருந்தால் ஆண்டைப் பாருங்கள். அதைவிட நம்பகமானது கைகழுவும் இடம்: சவர்க்காரம் இருக்கிறதா, தண்ணீர் போக வழி இருக்கிறதா, துடைக்கும் துணி எந்த நிறம்.

சோட் ஈட்ஸ் தட்டு தனிக் கதை. ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், மாலு பாண் எல்லாம் ஒரே தட்டில் மேசைக்கு வரும், தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எத்தனை கை பட்டிருக்கும் என்று நினைக்காமல் இருப்பதே பழக்கமாகிவிட்டது. இடுக்கியோடு தட்டு வரும் கடை, அல்லது கேட்ட எண்ணிக்கையில் எடுத்து வரும் கடை, மேலானது. ரோல்ஸை நடுவில் பிரித்துப் பாருங்கள். உள்ளே உருளைக்கிழங்கு மட்டும் இருந்து மீன் மணம் மட்டும் வந்தால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

தாளில் எழுதுவது

ஒரு கடைக்கு ஒரு வரி. கடை, வலயம், நாள், நேரம், எடுத்த சாப்பாடு, கொடுத்த மொத்தக் காசு, சுவைக்கு ஐந்துக்கு எத்தனை, தனிச் சமையலா அல்லது பொது வாணலியா. நான்கு பேராகப் போனால் நான்கு தட்டு பார்க்கலாம், செலவும் பிரியும். மூன்று புள்ளிக்கு மேல் போட்ட கடைக்கு வேறு நாளில், வேறு நேரத்தில் இன்னொரு முறை போங்கள். இரண்டாம் முறை ஒரு புள்ளிக்கு மேல் விழுந்தால் குறைந்த எண்ணையே வையுங்கள். சமையற்காரர் லீவென்றால் சாப்பாடும் லீவு என்ற கடை நல்ல கடை அல்ல.

மொத்தக் காசு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறிய கடையில் விலைப்பட்டியலில் உள்ளதே விலை. நடுத்தரமும் மேற்பட்டதும் சேவைக் கட்டணம் 10 வீதம் போடும். பதிவு செய்த கடை என்றால் பெறுமதி சேர் வரியும் வரும், அது 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். மெனுவில் 1,000 ரூபா என்று எழுதியது பில்லில் 1,280ஐத் தாண்டலாம். "வரிகள் தவிர்த்து" என்ற சின்ன எழுத்து மெனுவின் கடைசிப் பக்கத்து அடியில் இருக்கும். பெறுமதி சேர் வரி அறவிட்டால் பில்லில் வரிப் பதிவிலக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் காசாளரிடம் கேட்கலாம், கேட்பது உங்கள் உரிமை. பெரிய கடை ஒன்றின் 1,000 ரூபாச் சோற்றையும் சின்னக் கடையின் 1,000 ரூபாச் சோற்றையும் பக்கத்தில் வைத்துப் புள்ளி போட்டால் சின்னக் கடைக்கு அநியாயம் நடந்துவிடும்.

வலயவாரியாகக் கூட்டும்போது, காலை 8 மணிக்கும் இரவு 10 மணிக்கும் கிடைக்கும் நல்ல சாப்பாட்டைத் தனிப் பத்தியில் வையுங்கள். வெள்ளவத்தை காலையில் உயரும், புதுக்கடை இரவில் உயரும், கோட்டை ஞாயிறில் சரியும். மொத்தத்தைச் சராசரியாக்கி ஒரே எண் எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் எல்லாம் மறைந்துபோகும். ஆகவே வலயத்துக்கு ஒரு எண், வேளைக்கு ஒரு எண் என்று பிரித்தே வையுங்கள். ஓர் ஆண்டு கழித்து அதே தாளோடு நடுத்தரக் கடைகளுக்கு மட்டும் திரும்பப் போனால் போதும். மாற்றம் முதலில் அங்கேதான், அதுவும் பருப்பிலேயே தெரியும்.